இயற்கைப் புகைப்படத்துக்குக் கருத்து சொல்வது என்றால் என்ன?

படம் நல்லதா கெட்டதா என்று தீர்ப்பு சொல்வதல்ல. பார்ப்பவரின் கண் எங்கே போகிறது, எங்கே தடுமாறுகிறது என்று எடுத்தவருக்குத் தெரியப்படுத்துவது. ஏன் தேவை என்றால், எடுத்தவருக்கு அந்தக் காலைப் பனியும் இரண்டு மணி நேரக் காத்திருப்பும் படத்தோடு சேர்ந்தே நினைவுக்கு வரும், பார்ப்பவருக்கோ சட்டகத்துக்குள் இருப்பது மட்டும்தான் தெரியும். நாம் எழுதிய கடிதத்தில் உள்ள எழுத்துப்பிழை நம் கண்ணுக்குப் படாமல் அடுத்தவருக்குச் சட்டென்று தெரிகிறதே, அது மாதிரிதான்.

“சூப்பர்” என்பது சந்தோஷம் தரும், சரி. ஆனால் “பறவையின் இறக்கை மங்கலாக இருக்கிறது, ஷட்டர் வேகம் (கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/500 நொடிக்குப் பதில் 1/2000 வைத்துப் பாருங்கள்” என்பது நாளைக்கே உதவும். கருத்து கேட்பவரும் படத்தில் எதைக் காட்ட நினைத்தார் என்று சொல்லிவிட்டுக் கேட்கலாம்.

அப்புறம், கருத்து சொல்ல நிபுணராக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. “பறவையைவிடப் பின்னாலிருக்கும் வெளிறிய கிளைதான் முதலில் கண்ணில் பட்டது” என்று புதியவர் சொன்னாலே போதும்.