கேளுங்கள், சொல்கிறோம்: சப்போரோவில் செம்மறிக் கறி

கேள்வி: ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் உள்ள சப்போரோ நகருக்குப் போகிறோம். அங்கே ‘ஜிங்கிசுகான்’ கடைகளில் செம்மறிக் கறியை நாமேதான் சுட வேண்டுமாமே, தீயாமல் சுடுவது எப்படி?

பதில்: சட்டியைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நடுவில் மேடாகக் குவிந்து, ஓரத்தில் பள்ளம் ஓடும் வார்ப்பிரும்புச் சட்டி அது. நன்றாகச் சூடானதும் கொழுப்புத் துண்டை உச்சியில் வையுங்கள்; உருகி வழிந்து மேடு முழுவதும் பளபளக்கும். வெங்காயம், முளைகட்டிய பயறு எல்லாம் ஓரப் பள்ளத்துக்கு. கறி மேட்டில். வழியும் சாறு காய்கறியில் இறங்குவதுதான் இந்தச் சாப்பாட்டின் உயிரே!

ஒரே நேரத்தில் நாலைந்து துண்டு போதும். மேட்டை மூடிவிட்டால் சூடு இறங்கி, கறி சுடாமல் நீர்விட்டு வேகும். ஓரம் நிறம் மாறி, மேலே சாறு கசியும்போது ஒரே தடவை திருப்புங்கள். அதிகம் விட்டால் ரப்பர்தான்.

கேள்வி: ஊறவைத்த கறியா, வெறும் கறியா?

பதில்: ஹொக்கைடோவின் தகிகாவா நகரப் பாணியில் கறி சோயா, ஆப்பிள், வெங்காயம் கலந்த சாற்றில் ஊறியிருக்கும். சர்க்கரைச் சத்து இருப்பதால் சீக்கிரம் கருகும், தீயைக் குறையுங்கள். மிஞ்சிய சாற்றைப் பள்ளத்தில் ஊற்றி, கடைசியில் ஊதோன் நூடுல்ஸ் போட்டுச் சாப்பிடலாம், விடாதீர்கள். சப்போரோவில் பெரும்பாலும் வெறும் கறியைச் சுட்ட பிறகு சாற்றில் தொட்டுக்கொள்வார்கள். கறியின் சுவை தெரிய இதுவே நல்லது. முதல் தடவைக்கு ‘லேம்’ (இளம் செம்மறி) கேளுங்கள், ‘மட்டன்’ என்றால் முதிர்ந்த செம்மறி, வாடை கூடுதல்.

புகை துணியில் ஏறும். மேல்கோட்டைக் கழற்றிப் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள்.