கிரீஸின் வெற்றிகரமான கால்பந்து கிளப் எது? உள்ளூர் லீக்கில் ஜெயிப்பதைத் தவிர அது என்ன சாதித்திருக்கிறது?

ஒலிம்பியாகோஸ். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தின் கிளப். 2025 வரை 48 லீக் பட்டங்கள், 29 கிரீஸ் கோப்பைகள். அடுத்த இடத்தில் இருக்கும் பனாதினாய்கோஸிடம் லீக் பட்டம் 20தான். ஒரு வரிப் பதில் போதும் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஆனால் கேள்வியில் "உள்ளூர் லீக்கில் ஜெயிப்பதைத் தவிர" என்று ஒரு துண்டு இருக்கிறதே, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் அநேகமாக இங்கிலாந்து, ஸ்பெயின் லீக் பார்த்துப் பழகியவர். ஒலிம்பியாகோஸ் என்றால் 2004 டிசம்பரில் லிவர்பூல் மைதானத்தில் அதன் கேப்டன் ஜெரார்ட் 86ஆவது நிமிடத்தில் அடித்த கோல் ஞாபகம் வரலாம். அந்தக் கோலை வாங்கிய அணி இதுதான். அன்று முதல் கோல் ஒலிம்பியாகோஸுக்கு ஆடிய பிரேசில்காரர் ரிவால்டோவின் ஃப்ரீ கிக் என்பதும், இன்னொரு கோல் வாங்காமல் சில நிமிடங்கள் தாங்கியிருந்தால் லிவர்பூல் சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியேறியிருக்கும் என்பதும் யாருக்கும் நினைவில்லை. பெரிய அணிகளின் கதையில் வந்து போகிற பெயராகவே இந்தக் கிளப்பை உலகம் பார்த்திருக்கிறது. அது எனக்கு எப்போதும் உறுத்தும்.

எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நான் கப்பல் இன்ஜினியர். குமரி மேற்குக் கடற்கரைக்காரன். எங்கள் பக்கம் கிரிக்கெட்டை விட கால்பந்துதான். என் சர்வீஸில் பெரும்பகுதி கிரேக்க முதலாளிகளின் கப்பல்களில் போனது. அந்த முதலாளிகளின் அலுவலகங்கள் வரிசையாக இருக்கும் ஊர் பிரேயஸ். நான் நீண்ட நாள் கூட வேலை செய்த சீஃப் இன்ஜினியர் பிரேயஸை ஒட்டிய நிக்காயாவில் பிறந்தவர். கண்ட்ரோல் ரூமில் நைட் வாட்ச் நேரத்தில் அவர் சொன்னது, பிறகு நானே தேடிப் படித்தது, இரண்டும் சேர்ந்ததுதான் இந்தப் பதில். நான் கிரேக்கன் இல்லை, மொழியும் அரைகுறைதான். அதனால் எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

1925 மார்ச் 10 அன்று பிரேயஸில் இருந்த இரண்டு கிளப்புகளை ஒன்றாக்கித் தொடங்கியதுதான் ஒலிம்பியாகோஸ். பெயரை முன்மொழிந்தவர் நோடிஸ் காம்பெரோஸ். சின்னத்தில் இருப்பது தலையில் இலைமாலை சூடிய ஒரு இளைஞனின் முகம். தொடக்க காலத்தில் ஆந்திரியானோபுலோஸ் குடும்பத்துச் சகோதரர்கள் 5 பேர் இந்த அணிக்கு ஆடினார்கள். இதற்கு மூன்று வருஷம் முன்புதான், 1922இல், சின்ன ஆசியாவிலிருந்து (இன்றைய துருக்கி) துரத்தப்பட்ட கிரேக்க அகதிகள் லட்சக்கணக்கில் வந்து இறங்கியிருந்தார்கள். பிரேயஸைச் சுற்றி அவர்களின் குடியிருப்புகள் முளைத்தன. நிக்காயாவும் அப்படி வந்த இடம்தான், பழைய பெயர் கொக்கினியா. மூட்டை தூக்குபவர், மீனவர், தொழிற்சாலைக்குப் போகிறவர் என்று உழைத்துப் பிழைக்கிற ஜனங்களின் அணியாக ஒலிம்பியாகோஸ் வளர்ந்தது. ஏதென்ஸ் நகரத்துப் பனாதினாய்கோஸோடு இருக்கும் பகை அங்கேதான் தொடங்குகிறது. துறைமுகத்துக்காரர்கள் என்பதால் எதிரணிக்காரர்கள் இவர்களை நெத்திலி என்று கேலி செய்வார்கள். இவர்கள் அதையே பெருமையாக ஏற்றுக்கொண்டார்கள்.

சீஃப் முதலில் சொன்ன பெயர் ரிவால்டோ இல்லை, நிக்கோஸ் கோடாஸ். ஒலிம்பியாகோஸ் ஆட்டக்காரர். ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது எலாஸ் என்ற எதிர்ப்புப் படையில் கேப்டனாக இருந்தவர். உள்நாட்டுப் போர்க் காலத்தில் மரண தண்டனை விதித்து, 1948 நவம்பரில் கோர்ஃபு அருகே உள்ள லாசரெட்டோ தீவில் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவர் உடுத்தியிருந்தது ஒலிம்பியாகோஸ் ஜெர்ஸி. அவரே கேட்டு வாங்கி உடுத்தியது. அரசியலில் யார் சரி, யார் தவறு என்று வாதாட நான் வரவில்லை. ஒரு மனிதன் சாகப் போகும்போது ஒரு கிளப்பின் சட்டை வேண்டும் என்று கேட்டான் என்றால், அந்தக் கிளப்பைப் பட்டங்களை மட்டும் எண்ணி அளக்க முடியாது.

சரி, பட்டங்களையும் சொல்லிவிடுகிறேன். முதல் லீக் பட்டம் 1931. 1954 முதல் 1959 வரை தொடர்ந்து 6. 1961இல் பெலே ஆடிய சாண்டோஸ் அணியை நட்பு ஆட்டத்தில் 2-1 என்று தோற்கடித்தார்கள். 1980களின் இறுதியில் கோஸ்கோடாஸ் என்ற வங்கிக்காரர் கிளப்பை வாங்கினார். அவருடைய வங்கி மோசடி வெடித்ததில் கிளப்பும் கீழே போனது. 1987க்குப் பிறகு பல வருஷம் லீக் பட்டமே இல்லை. ரசிகர்கள் அதைக் கல் ஆண்டுகள் என்பார்கள். துசான் பஜேவிச் பயிற்சியாளராக வந்தபின் 1997இல் மறுபடி ஜெயித்து, 2003 வரை தொடர்ந்து 7 வருடம் விடவே இல்லை. 2011 முதல் 2017 வரை இன்னொரு 7. நடுவில் 1999 மார்ச்சில் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் யுவென்டஸை வெளியேற்ற 5 நிமிடம்தான் பாக்கி. 85ஆவது நிமிடத்தில் கோண்டே ஒரு கோல் போட்டார், அதோடு போயிற்று. நம் சீஃப் யுவென்டஸ் என்ற பெயரை வாயால் சொல்லமாட்டார், அவர்களின் ஊர்ப் பெயரை வைத்து "டொரினோக்காரர்கள்" என்றுதான் சொல்வார்.

இனி சொல்லப்போவது சாதனை இல்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் ஒலிம்பியாகோஸைப் பற்றிப் பேச முடியாது. 1981 பிப்ரவரி 8. சொந்த மைதானமான கரைஸ்காகிஸில் ஏதென்ஸின் ஏ.இ.கே. அணியை 6-0 என்று நொறுக்கினார்கள். ஆட்டம் முடிந்ததும் வீரர்களைப் பார்க்க வேண்டும் என்று 7ஆவது வாசல் பக்கம் இருந்த ரசிகர்கள் படிகளில் இறங்கி ஓடினார்கள். கீழே கதவு முழுதாகத் திறக்கவில்லை, டிக்கெட் சரிபார்க்கும் சுழல் தடுப்புகளும் அப்படியே இருந்தன. முன்னால் போனவர்கள் விழுந்தார்கள். மேலிருந்து வந்தவர்களுக்குக் கீழே நடப்பது தெரியவில்லை, பாட்டு பாடியபடியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். 21 பேர் செத்துப் போனார்கள். பெரும்பாலும் இளம் வயதுக்காரர்கள்.

கப்பல் பிரேயஸ் பக்கத்துப் பெராமா ரிப்பேர் யார்டில் நின்றபோது சீஃப் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். பிரேயஸிலிருந்து ரயில் ஏறினால் ஃபாலிரோ நிலையத்துக்கு எதிரேயே மைதானம். 2004 ஒலிம்பிக்ஸுக்காக இடித்துப் புதிதாகக் கட்டியது, 32,000 பேருக்கு மேல் உட்காரலாம். உள்ளே சிவப்பு இருக்கைகளுக்கு நடுவில் கறுப்பு இருக்கைகளால் 7 என்ற எண்ணை அமைத்திருக்கிறார்கள். வெளியே நினைவுச் சின்னத்தில் 21 பேரின் பெயர்கள். அதில் ஒரு பெயரை அவர் விரலால் தொட்டார், அவருடைய அண்ணனோடு படித்த பையனாம். ஆட்டம் நடந்த அன்று சீஃபுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, ரேடியோவில்தான் கேட்டார். ஆறாவது கோலுக்குத் தெருவே ஆடியதாம். இருட்டிய பிறகு வீடு வீடாகத் தாய்மார்கள் வெளியே வந்து, என் மகனைப் பார்த்தீர்களா என்று கேட்கத் தொடங்கினார்களாம். இன்றும் ஒவ்வொரு பிப்ரவரி 8ஆம் தேதியும் அங்கே பிரார்த்தனை நடக்கிறது. "சகோதரர்களே, நீங்கள் வாழ்கிறீர்கள், நீங்களே எங்களை வழிநடத்துகிறீர்கள்" என்பது அங்கே எழும் கோஷம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அன்று நான் அந்த மைதானத்தைப் பார்க்க முடிந்தது கப்பல் யார்டில் நின்றதால் மட்டும்தான். மற்ற நேரங்களில் எங்களைக் கரைக்கு விடுவதே இல்லை. ஷோர் லீவ், அதாவது கரைக்குப் போய்வருவது, கடல்தொழிலாளர் உடன்படிக்கையில் எழுதியிருக்கிற உரிமை. ஆனால் எத்தனையோ துறைமுகங்களில் டெர்மினல்காரர்கள் கேட் பாஸ் இல்லை என்பார்கள். ஆங்கரேஜில், அதாவது கரைக்கு வெளியே நங்கூரமிட்டு, நின்றால் லாஞ்ச் படகு வாடகை என்று ஏஜென்ட் கேட்கிற காசைக் கொடுத்துவிட்டுக் கரைக்குப் போனால் அந்த மாதச் சம்பளத்தில் ஓட்டை விழும். ஒரு துறைமுகத்தில் பல்வலியோடு துடித்த ஆயிலரை (இன்ஜின் ரூம் தொழிலாளியை) டாக்டரிடம் அனுப்பக்கூட இரண்டு நாள் மெயில் போட வேண்டியிருந்தது. உலகம் சுற்றுகிற வேலை என்று ஊரில் பேசுகிறார்கள். நாங்கள் சுற்றுகிற உலகம் இன்ஜின் ரூமுக்கும் கேபினுக்கும் நடுவில்தான். இது உங்கள் கேள்விக்குத் தேவையில்லைதான், தெரியும். ஆனால் கப்பல் தொழிலை வைத்து வாழ்கிற ஒரு ஊரின் கிளப்பைப் பற்றி எழுதும்போது அந்தக் கப்பலில் இருப்பவர்களைப் பற்றி ஒரு பத்தி எழுதினால் தப்பில்லை.

இப்போது 2024. அந்த சீசன் பாதியில் அணி கலைந்து கிடந்தது. ஒரே சீசனில் மூன்றாவது பயிற்சியாளராக பிப்ரவரியில் வந்தார் ஸ்பெயின்காரர் மெந்திலிபார். முந்தைய வருஷம் ஸ்பெயின் அணி செவியாவுக்கு யூரோப்பா லீக் வாங்கிக் கொடுத்தவர். ஐரோப்பியக் கிளப் கோப்பைகளில் மூன்றாவது வரிசையான கான்பரன்ஸ் லீக்கில் இஸ்ரேலின் மக்காபி டெல் அவிவிடம் சொந்த மண்ணில் 1-4 என்று தோற்றார்கள். எல்லாரும் கதை முடிந்தது என்றார்கள். அடுத்த வாரம் கூடுதல் நேரத்தில் 6-1 என்று திருப்பி அடித்தார்கள். துருக்கியின் ஃபெனர்பாச்சேவோடு பெனால்டி, அதில் இளம் கோல்கீப்பர் த்சோலாகிஸ் 3 உதைகளைத் தடுத்தார். அரையிறுதியில் ஆஸ்டன் வில்லா, அந்த வருஷம் பிரீமியர் லீக்கில் 4ஆவது இடம் பிடித்த அணி. அவர்கள் மைதானத்தில் 4-2, இங்கே 2-0. மொராக்கோக்காரர் அயூப் எல் காபி அந்த இரண்டு ஆட்டத்தில் மட்டும் 5 கோல்.

இறுதி ஆட்டம் மே 29, இத்தாலியின் ஃபியோரன்டினாவோடு. நடந்தது ஏ.இ.கே.யின் மைதானத்தில், பரம எதிரியின் வீட்டில். எங்கள் கப்பல் அமீரகத்தின் ஃபுஜைரா ஆங்கரேஜில் நின்றது. மெஸ் ரூமில் சீஃப், நான், இரண்டு பிலிப்பைன்ஸ் பையன்கள். சாட்டிலைட் இன்டர்நெட்டில் படம் நின்று நின்று வந்தது. கூடுதல் நேரமும் முடியப்போகிற சமயம், சீஃபின் சட்டைப் பையில் போன் அதிர ஆரம்பித்தது. விடாமல் அதிர்ந்தது. பிரேயஸில் இருக்கிற அக்கா மகன் மெசேஜ் போடுகிறான், ஏதோ நடந்துவிட்டது என்று எங்களுக்குப் புரிந்தது. சீஃப் போனை எடுக்கவில்லை. பையின் மேல் கையை வைத்து அமுக்கிக்கொண்டு திரையையே பார்த்தார். அப்புறம்தான் எங்கள் திரையில் 116ஆவது நிமிடம் வந்தது: எசேயின் கிராஸ், எல் காபியின் தலை, கோல். உடனே ஆஃப்சைடா என்று வீடியோ (VAR) சோதனை. நிமிடக்கணக்கில் இழுத்தார்கள். கோல் உறுதியானதும் அவர் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எனக்கும் பேச்சு வரவில்லை. ஒரு கிரேக்கக் கிளப் பெரிய ஐரோப்பியக் கோப்பை ஒன்றை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. கிளப்புக்கு வயது 99. காலையில் எண்ணெயைச் சுத்தம் செய்யும் பியூரிஃபையர் ஒன்றைத் திறக்க வேண்டியிருந்தது. "செகண்ட், வா" என்று, செகண்ட் இன்ஜினியரான என்னை அவரே கீழே கூப்பிட்டார்.

அதே சீசனில் ஏப்ரல் மாதம் ஒலிம்பியாகோஸ் பையன்கள் சுவிட்சர்லாந்தின் நியோனில் ஏ.சி. மிலானை 3-0 என்று வென்று யூத் லீக்கையும் எடுத்தார்கள். 2025இல் லீக், கோப்பை இரண்டும் வந்தன. இது ஒரு பல விளையாட்டுக் கிளப் என்பதையும் மறக்க வேண்டாம். கூடைப்பந்தில் 1997, 2012, 2013 என மூன்று முறை யூரோலீக். 2012 இறுதியில் சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோவிடம் 19 புள்ளி பின்தங்கியிருந்து, கடைசி நொடியில் பிரிண்டெசிஸ் போட்ட பந்தில் 62-61 என்று ஜெயித்த ஆட்டம் தனிப் பதில் எழுதவேண்டிய விஷயம்.

கருத்தில் வந்து என்ன சொல்வீர்கள் என்று தெரியும். "கான்பரன்ஸ் லீக் மூன்றாம் தரக் கோப்பை." வரிசையில் மூன்றாவதுதான், மறுக்கவில்லை. ஆஸ்டன் வில்லாவும் ஃபியோரன்டினாவும் அதை ஜெயிக்கத்தான் ஆடினார்கள். "1971இல் பனாதினாய்கோஸ் வெம்ப்ளியில் ஐரோப்பியக் கோப்பை இறுதி வரை போனதே." போனது, அது பெரிய விஷயம், அயாக்ஸிடம் 2-0 என்று தோற்றது என்பதும் உண்மை. "நடுவர்களை வைத்து ஜெயிக்கிற கிளப்." கிரீஸில் எல்லா அணி ரசிகர்களும் மற்ற அணியைப் பற்றி இதைச் சொல்கிறார்கள், பெரிய ஆட்டங்களுக்கு வெளிநாட்டு நடுவர்களைக் கூப்பிடும் அளவுக்குச் சண்டை. "ரசிகர்கள் ரவுடிகள்." இதற்கு மட்டும் என்னிடம் எதிர்வாதம் இல்லை. 2023 டிசம்பரில் ஒலிம்பியாகோஸ், பனாதினாய்கோஸ் வாலிபால் ஆட்டத்துக்கு வெளியே நடந்த மோதலில் ஃப்ளேர் (எரியும் ஒளிக்குண்டு) பட்டு ஒரு இளம் போலீஸ்காரர் படுகாயமடைந்து, சில வாரங்களில் இறந்தார். அந்த மோதலுக்குப் பிறகு நாடு முழுக்க முதல்நிலை லீக் ஆட்டங்களை இரண்டு மாதம் ரசிகர்கள் இல்லாமல் நடத்தினார்கள். 21 பேரைப் பறிகொடுத்த கிளப்பின் பக்கம் நிற்பவர்கள் இன்னொரு வீட்டுக்கு அதைச் செய்யக்கூடாது. சீஃபும் அன்று இதையேதான் சொன்னார், கோபமாக.

நீங்கள் பார்க்கத் தொடங்க ஒரு ஆட்டம் சொல்லுங்கள் என்றால், ஆஸ்டன் வில்லாவின் மைதானமான வில்லா பார்க்கில் நடந்த அந்த 4-2ஐப் பாருங்கள். இறுதி ஆட்டத்தை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். 115 நிமிடம் கோலே இல்லாத ஆட்டம் அது. அணியின் ஆட்களை ஓரளவு தெரிந்துகொண்ட பிறகு பார்த்தால்தான் நன்றாக இருக்கும்.