எலி செத்த வாடையும் சில கேள்விகளும்

விஷம் வைத்து ஒரு வாரம் ஆகிறது. மூன்று நாளாகச் சமையலறையில் பிணவாடை. விஷம் தின்ற எலி காய்ந்துபோகும், நாறாது என்றார்களே?
*வாசகி, சிராங்கூன் கார்டன்ஸ்*

அது வெறும் பேச்சு. தண்ணீர் தேடி வெளியே ஓடிவிடும் என்பதையும் நம்ப வேண்டாம். எலி விஷங்களில் பெரும்பாலானவை இரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்ற எலி சில நாள் நடமாடிவிட்டு, சோர்ந்ததும் மறைவிடம் பார்த்து ஒதுங்கிச் சாகும். நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் ஒன்றிரண்டு நாளில் வாடை கிளம்பிவிடும். பெருச்சாளி என்றால் இரண்டு வாரம்கூட இழுக்கும்.

வாசனைத் தெளிப்பானை நிறுத்துங்கள். அது இருக்கும்வரை இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. சன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை அணைத்து அரை மணி நேரம் விடுங்கள். பிறகு குளிர்பதனப் பெட்டியின் பின்புறம் (மோட்டார்ச் சூட்டுக்கு எலி அங்கே அண்டும்), சலவை இயந்திரத்தின் அடி, அலமாரிகளின் அடிப்பலகைக்குப் பின்னால், பொய்க்கூரை விளக்குத் துளைகள் என்று ஒவ்வொன்றாக மோந்து பாருங்கள். சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டுத் தொடருங்கள். பளபளக்கும் பச்சை ஈக்கள் ஒரே துளையைச் சுற்றினால் அதுதான் இடம்.

எடுக்கும்போது கையுறையும் முகக்கவசமும் வேண்டும். 100 மில்லி பிளீச்சை 900 மில்லி குளிர்ந்த நீரில் கலந்து, உடலும் சுற்றிக் கிடக்கும் புழுக்கையும் நன்றாக நனையும்படி ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். கழிப்பறை ஆசிட்டையோ அம்மோனியா கலந்த திரவத்தையோ அதோடு சேர்க்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும். உலர்ந்த புழுக்கையைப் பெருக்கவோ வேக்குவம் போடவோ கூடாது, தூசியோடு கிருமியும் பறக்கும். பையைக் கையில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு எலியைப் பிடித்து, அப்படியே பையை உள்வெளியாகத் திருப்பி முடிச்சிடுங்கள். அதை இன்னொரு பையில் போட்டுக் கட்டிக் குப்பைத்தொட்டியில் சேர்க்கலாம்.

பலரும் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். பொய்க்கூரையின் ஜிப்சம் பலகையில் அழுகல் நீர் ஊறியிருந்தால் துடைத்துப் பயனில்லை. அந்தத் துண்டை வெட்டி மாற்ற வேண்டும். உடல் குளிர்ந்ததும் எலியின் தெள்ளும் உண்ணியும் வேறு இரத்தம் தேடி இறங்கும். சில நாளில் வீட்டில் அரிப்பு தொடங்கினால் காரணம் அதுவே. அந்த இடத்துக்குப் பூச்சிமருந்து தேவை.

பத்தாவது மாடிச் சன்னலில் மோதிய வண்ணப் பறவை ஒன்று தாழ்வாரத்தில் கிடக்கிறது. குப்பைக் குழாயில் போட்டுவிடலாமா?
*வாசகர், ஈசூன்*

முதலில் உயிர் இருக்கிறதா பாருங்கள். மோதிய பறவை மயங்கி மட்டும் கிடக்கலாம். துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல் ஒரு மணி நேரம் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

இறந்திருந்தால் அவசரப்பட்டு எறியாதீர்கள். அக்டோபர், நவம்பரில் வலசை வரும் பிட்டா பறவைகள் இப்படிக் கண்ணாடியில் மோதி விழுவதுண்டு. லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் உள்ளூர் வனவிலங்குகளின் உடல்களை ஆய்வுக்காகச் சேகரிக்கிறது. படமெடுத்து, அழுகுவதற்குள் கேட்டுப் பாருங்கள். புறா, மைனா என்றால் இரட்டைப் பை போதும். ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் தொடவே வேண்டாம். பறவைக் காய்ச்சலாக இருக்கக்கூடும். தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண் 1800-476-1600.

எங்கள் பூனை நேற்றிரவு இறந்துவிட்டது. புளோக்குக்குக் கீழே புல்தரையில் புதைக்கலாமா?
*வாசகி, தெம்பனிஸ்*

கூடாது, அது பொது நிலம். செல்லப்பிராணிகளைத் தகனம் செய்யும் நிறுவனங்கள் வீட்டுக்கே வந்து எடுத்துச் செல்கின்றன. அதுவரை அடியில் உறிஞ்சும் விரிப்பு போட்டு, துண்டில் சுற்றி, வயிற்றுப் பக்கம் ஐஸ் பொட்டலம் வைத்துக் குளிர்சாதன அறையில் வையுங்கள். முதலில் அழுகத் தொடங்குவது வயிறுதான். சாவின் காரணம் தெரிய வேண்டுமென்றால் உறையவிடாதீர்கள், திசுக்கள் சிதைந்துவிடும். உடனே கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள். 2024 செப்டம்பரில் பூனைக்கும் உரிமம் வந்துவிட்டதால், எடுத்திருந்தால் இறப்பைத் தெரிவித்துவிடுங்கள்.

ஏர்கானைப் போட்டாலே அழுகல் வாடை. பல்லியாக இருக்குமா?
*வாசகர், உட்லண்ட்ஸ்*

இருக்கலாம். சுவரில் உள்ள மெயின் சுவிட்சை அணைத்து, வடிகட்டியை மட்டும் கழற்றிப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் சர்க்கியூட் பலகையில் கருகியிருக்கக்கூடும். அதை நீங்கள் திறக்காதீர்கள், சர்வீஸ்காரர் வரட்டும்.