டீச்சரைக் கேளுங்கள்: கண்காட்சிக்கு இன்னும் மூன்று வாரம்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பள்ளி அறிவியல் கண்காட்சியைப் பற்றியவை. மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றுக்கே பதில் எழுதுகிறேன். வடசென்னையில் 31 ஆண்டுகள் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தியவள் நான். இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை அதிகம். கொஞ்சம் கோபமும் உண்டு.

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு. மூன்று வாரத்தில் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். மழைநீர் சேகரிப்பு மாடல் கடையில் 1,200 ரூபாய்க்குத் தயாராகக் கிடைக்கிறது. வாங்கிக் கொடுத்துவிடலாமா?
– ஒரு தாய், பெரம்பூர்

வாங்க வேண்டாம் அம்மா. 1,200 ரூபாய் பெரிதா சிறிதா என்பது உங்கள் குடும்பக் கணக்கு. எனக்குக் கவலை உங்கள் மகளைப் பற்றித்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக்கு நடுவராகப் போயிருந்தேன். அடுத்தடுத்த மூன்று மேசைகளில் ஒரே மாடல்: அதே தெர்மோகோல் வீடு, புல்லுக்கு அதே பச்சை மரத்தூள், அதே நீலக் குழாய். மூன்றாவது மேசைப் பெண்ணிடம், "கூழாங்கல்லுக்கு மேலே மணலைப் போட்டிருக்கிறாயே, மாற்றிப் போட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். அவள் மனப்பாடம் செய்திருந்த நான்கு பத்தியில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. அந்தக் குழந்தை மேல் ஒரு தப்பும் இல்லை. அந்த மணலை அவள் கையால் தொட்டதே இல்லை.

உங்கள் வீட்டில் மண்பானை இருக்கிறதா? இருந்தால் கண்காட்சிக்குப் பொருள் கிடைத்துவிட்டது. "சென்னையில் பானைத் தண்ணீர் எவ்வளவு குளிர்கிறது, எந்த நேரத்தில் குளிர்கிறது?" இதுதான் கேள்வி. ஒரு மண்பானை, ஓர் எவர்சில்வர் பாத்திரம், ஈரத்துணி சுற்றிய இன்னோர் எவர்சில்வர் பாத்திரம். மூன்றிலும் ஒரே குழாய்த் தண்ணீர், தலா 2 லிட்டர். வெயில் படாத ஒரே இடத்தில் மூன்றும் இருக்கட்டும். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன், மாலை வந்ததும், இரவுச் சாப்பாட்டுக்கு முன் என்று அவளே மூன்று முறை வெப்பநிலையை அளந்து எழுதட்டும். பத்து நாளில் 90 எண்கள் கையில் இருக்கும். நீங்கள் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்க வேண்டியதில்லை.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அது ஏறத்தாழ 35 முதல் 42 டிகிரி வரைதான் காட்டும். பானைத் தண்ணீர் அதற்குக் கீழே இருக்கும். சிவப்புத் திரவம் உள்ள ஆய்வகத் தெர்மாமீட்டரைப் பள்ளியில் இரவல் கேளுங்கள். கிடைக்காவிட்டால் பாரிமுனைப் பக்கம் ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் வாங்கலாம். பாதரசம் உள்ளது வேண்டாம், உடைந்தால் ஆபத்து. குமிழ் முனை தண்ணீருக்குள் இருக்கும்போதே, கண்ணைத் திரவ மட்டத்துக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். வெளியே தூக்கிப் பார்த்தால் அளவு அதற்குள் மாறத் தொடங்கிவிடும்.

பானையின் நுண்துளைகள் வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வேண்டும். ஒரு கிராம் நீர் ஒரு டிகிரி குளிர 4.2 ஜூல் வெளியேறினால் போதும். வகுத்துப் பார்த்தால், ஒரு கிராம் நீர் ஆவியாகி அரை லிட்டருக்கும் மேலான தண்ணீரை ஒரு டிகிரி இறக்கிவிடும். இந்த வகுத்தலை உங்கள் மகளே போடட்டும். ஆனால் சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். பிற்பகலில் கடற்காற்று வந்ததும் இன்னும் கூடும். காற்றில் ஈரம் ஏற ஏற ஆவியாவது மந்தமாகிவிடும். கோடையில் வேலூர்ப் பானை குளிர்கிற அளவுக்கு நம் வீட்டுப் பானை குளிராததற்குக் காரணம் இதுதான். கடற்காற்று தாமதமாக வந்த நாளில் தன் எண்கள் மாறுகின்றனவா என்று அவள் பார்க்கட்டும். நடுவில் யாராவது மின்விசிறியைப் போட்டுவிட்டால் அதையும் நோட்டில் எழுத வேண்டும். அன்று ஈரத்துணிப் பாத்திரம் மட்டும் அதிகமாகக் குளிர்ந்திருந்தால் அவளுக்கு அடுத்த கேள்வி கிடைத்துவிட்டது.

கேள்வி: டீச்சர், நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். தனி ஊசலில் (நூலில் கட்டித் தொங்கவிட்ட குண்டு) 1 மீட்டர் நூலுக்கு அலைவு நேரம், அதாவது ஒருமுறை போய்த் திரும்பும் நேரம், 2 வினாடி வர வேண்டுமாம். எனக்குக் கொஞ்சம் முன்பின்னாக 1.9 தான் வருகிறது. நண்பன் தன் நோட்டில் 2 என்று மாற்றி எழுதிவிட்டான். நானும் மாற்றலாமா?
– ஒரு மாணவன், வியாசர்பாடி

மாற்றாதே தம்பி. அந்த 1.9-ஐ அப்படியே வைத்திரு.

ஊசலை விடும்போது என்ன சொல்லி எண்ணத் தொடங்குகிறாய்? "ஒன்று" என்றா? குண்டை விடும் கணத்தில் இன்னும் ஓர் அலைவும் முடியவில்லை. அப்போது "சுழியம்" என்று சொல்ல வேண்டும். போய்த் திரும்பிக் கைப்பக்கம் வரும்போதுதான் "ஒன்று". விடும்போதே "ஒன்று" என்று தொடங்கி "இருபது" என்று நிறுத்தினால் நடந்தது 19 அலைவுகள்தான். 1 மீட்டர் ஊசலுக்கு அது ஏறத்தாழ 38 வினாடி. அதை 20-ஆல் வகுத்துப் பார்.

ஓர் ஆண்டு என் வகுப்பில் ஜன்னல் கம்பியிலும் கதவுத் தாழ்ப்பாளிலும் பூட்டுகளைத் தொங்கவிட்டு ஆறு குழுக்கள் இதைச் செய்தன. ஐந்து குழுக்களுக்கு 2-ஐ ஒட்டி வந்தது. ஒரு குழுவுக்கு மட்டும் ஐந்து முறையும் 1.9. அந்தக் குழுவின் தலைவி பிடிவாதக்காரி. பக்கத்துக் குழு சிரித்தபோதும் அழித்து எழுத மறுத்துவிட்டாள். மூன்றாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில், கையில் சோற்றுப் பருக்கையோடு, ஆசிரியர் அறை வாசலுக்கு ஓடிவந்தாள். "டீச்சர், நான் விடும்போதே ஒன்று சொல்லியிருக்கிறேன்!" நான் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அவளே கண்டுபிடித்தாள். உனக்கு நான் சொல்லிவிட்டேனே என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.

முன்பின்னாக வருவது வேறு விஷயம். கடிகாரப் பொத்தானை அழுத்துவதில் யாருடைய கையும் ஏறத்தாழ 0.2 வினாடி பிசகும். ஓர் அலைவை மட்டும் அளந்தால் 2 வினாடியில் அது பத்தில் ஒரு பங்கு. 20 அலைவுகளைச் சேர்த்து அளந்து வகுத்தால் ஓர் அலைவுக்கு 0.01 வினாடியாகக் கரைந்துவிடும். நூலின் நீளத்தைக் குண்டின் நடுவரை அள. அரைச் சாணுக்கு மேல் இழுத்து விடாதே. ஐந்து முறை செய்து ஐந்தையும் எழுது. பிறகு நூலை 25 செ.மீ. ஆக்கு. நீளம் கால்வாசியாகிவிட்டது, நேரமும் கால்வாசியாகுமா? ஊகத்தை முதலில் எழுதிவிட்டு அள. அடுத்ததாகப் பெரிய பூட்டு, சின்னப் பூட்டு. இந்த இரண்டுக்கும் விடையை நான் சொல்லப் போவதில்லை. கண்காட்சியில் உன் நோட்டை வைக்கும்போது 1.9 இருக்கும் பக்கத்தைக் கிழிக்காமல் வை.

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் பணிபுரிகிறேன். ஆய்வகம் இல்லை. 46 பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை. திரவ அழுத்தத்துக்கு எல்லாரும் கைவைக்கும்படி என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை, தாம்பரம்

டீச்சர், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்காக அரசு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் என்ற நடமாடும் அறிவியல் ஆய்வகத் திட்டத்தின் கருத்தாளர்கள் உங்கள் பள்ளிக்கும் வருவார்கள். அவர்கள் வராத நாள்களுக்குக் காலி பாட்டில் போதும்.

ஒன்பது குழுக்கள்; ஒன்றில் மட்டும் ஆறு பேர். குழுவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று. 20 செ.மீ. உயரத்தில் நீர்மட்டக் கோடு போட்டு, அதற்குக் கீழே 5, 10, 15 செ.மீ. ஆழத்தில் மூன்று ஓட்டைகள். சூடான ஊசியால் முதல் நாளே நீங்கள் போட்டுவிடுங்கள். பிள்ளைகள் கையில் அது வேண்டாம். மூன்றையும் டேப்பால் மூடி, கோடுவரை நீர் நிரப்பி, மைதானத்தில் தரையில் வைத்து டேப்பை ஒரே இழுப்பாக இழுக்கச் சொல்லுங்கள். எந்தத் தாரை அதிகத் தூரம் போகும் என்று முன்கூட்டியே கை தூக்கச் சொன்னால், பெரும்பாலோர் அடி ஓட்டைக்குத்தான் தூக்குவார்கள். அப்படித்தான் பல படங்களிலும் வரைந்திருக்கும்.

தரையில் வைத்த பாட்டிலில் ஜெயிப்பது நடு ஓட்டை. கணக்குப்படி அது 20 செ.மீ. போகும். மேல் ஓட்டையும் அடி ஓட்டையும் ஏறத்தாழ 17 செ.மீ.யில் ஒரே இடத்தில் விழும். அடியில் அழுத்தம் அதிகம், அதனால் நீர் வேகமாகப் பாய்கிறது. ஆனால் தரை பக்கத்திலேயே இருப்பதால் அதற்குப் பயணம் செய்ய நேரமில்லை. மேல் ஓட்டைக்கு நேரம் இருக்கிறது, வேகம் இல்லை. பிள்ளைகள் முகத்தில் அந்தத் திகைப்பைப் பார்த்த பிறகு, அதே பாட்டிலை ஸ்டூல் மேல் வைத்து மறுபடி செய்யுங்கள். இப்போது அடி ஓட்டைத் தாரைதான் அதிகத் தூரம் போகும். ஏன் என்று அவர்களே சண்டை போடட்டும். மீதமுள்ள பாடவேளை அதற்கே சரியாக இருக்கும்.

ஒருவர் ஊற்ற, ஒருவர் டேப் இழுக்க, இருவர் அளக்க, ஒருவர் எழுத. அடுத்த வாரம் வேலையை மாற்றிவிடுங்கள். எழுதும் வேலை எப்போதும் பெண்பிள்ளைகளிடமே போய்ச் சேருகிறது, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் என் பேரன் ஆப்பசோடாவும் வினிகரும் ஊற்றி எரிமலை செய்கிறான். இது அறிவியல்தானா?
– ஒரு தாத்தா, மயிலாப்பூர்

நுரை பொங்குவது அழகுதான் ஐயா. ஆனால் எரிமலையில் பாறைக்குழம்பு பொங்குவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இங்கே அமிலமும் சோடாவும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு வருகிறது. மலையை எடுத்துவிட்டு பாட்டில் வாயில் பலூனை மாட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் 100 மி.லி. வினிகர், சோடா மட்டும் அரைத் தேக்கரண்டி, ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை. பலூனின் சுற்றளவை நூலால் அளக்கட்டும். ஒரு கட்டத்துக்கு மேல் சோடாவைக் கூட்டினாலும் பலூன் பெருக்காது. அங்கே அவனோடு உட்கார்ந்து, எது தீர்ந்துபோனது என்று கேளுங்கள்.

கேள்வி: மகன் சோதனையை நன்றாகச் செய்திருக்கிறான். நடுவர் முன் வாய் திறக்கமாட்டான். ஆங்கிலத்தில்தான் விளக்க வேண்டும் என்கிறது பள்ளி.
– ஒரு தந்தை, கொளத்தூர்

முதலில் வீட்டில் தமிழில், சோதனையைப் பார்த்திராத ஒருவருக்கு விளக்கட்டும். பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ போதும். அவர்கள் குறுக்கே கேட்கும் கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளட்டும். புரிந்ததைப் பிறகு எந்த மொழியிலும் சொல்லிவிடலாம். எழுதிக் கொடுத்த ஆங்கிலத்தை ஒப்பிக்க மட்டும் விடாதீர்கள். கசங்கிய நோட்டு மேசைமேல் இருக்கட்டும். நடுவராக நான் போனால் சார்ட் அட்டையைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் புரட்டுவேன். பயந்த பிள்ளையிடம் ஒரு பக்கத்தைக் காட்டி, "இங்கே ஏன் அடித்திருக்கிறாய்?" என்று கேட்டால் போதும், பேச ஆரம்பித்துவிடும்.

கேள்வி: டீச்சர், அடுத்த கண்காட்சிக்கு இப்போதே தொடங்க ஆசை. எங்கள் வீட்டில் மொட்டைமாடி இருக்கிறது. பெரியம்மா வீடு கன்னியாகுமரியில். ஏதாவது சொல்லுங்களேன்.
– ஆறாம் வகுப்பு மாணவி, திருவான்மியூர்

மொட்டைமாடியும் கன்னியாகுமரிப் பெரியம்மாவும் இருந்தால் நீ பூமியையே அளந்துவிடலாம் கண்ணம்மா.

ஏப்ரல் 24-ஐ ஒட்டி, பகல் 12.07 மணி வாக்கில், சென்னையில் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வரும். நிமிர்த்தி வைத்த கம்புக்கு நிழலே இருக்காது. அதே நாளில் கன்னியாகுமரியில் சூரியன் உச்சியிலிருந்து 5 டிகிரி வடக்கே தள்ளி நிற்கும். அங்கே நடுப்பகல் கொஞ்சம் பிந்தி, 12.18 வாக்கில் வரும். அந்த நேரத்தில் 1 மீட்டர் கம்பின் நிழல் 9 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக, தெற்குப் பக்கம் விழும். அதைப் பெரியம்மா வீட்டில் யாராவது அளந்து சொல்ல வேண்டும். கம்பையும் நிழலையும் வரைபடத் தாளில் முக்கோணமாக வரைந்து கோணத்தை எடு.

360 டிகிரியில் 5 டிகிரி 72 முறை அடங்கும். சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் நேர் வடக்கு தெற்காக உள்ள தூரம் ஏறத்தாழ 555 கி.மீ. பஸ் போகும் தூரத்தை எடுத்துக்கொள்ளாதே. அது வளைந்து வளைந்து போவது. 555-ஐ 72-ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு. 2,200 ஆண்டுகளுக்கு முன் எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் எகிப்தில் இரண்டு ஊர்களை வைத்து இந்தக் கணக்கைத்தான் போட்டார். சூரியன் ஏன் ஒவ்வொரு ஊருக்கும் வேறு வேறு நாளில் தலைக்கு மேலே வருகிறது என்று தெரிந்துகொள்ள, விடுமுறையில் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்கு ஒருநாள் போய்வா. உன் வீட்டிலிருந்து பக்கம்தான்.

கோணத்தில் அரை டிகிரி பிசகினால் உன் பூமி பத்தில் ஒரு பங்கு பெருத்துவிடும், அல்லது இளைத்துவிடும். அதனால் முடிந்தால் 2 மீட்டர் கம்பாக எடுக்கச் சொல். அது செங்குத்தாக நிற்கிறதா என்று, நூலில் கல்லைக் கட்டிப் பக்கத்தில் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். 12.10 முதல் 12.25 வரை இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைத்து, மிகக் குட்டையான நிழலை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று மேகம் மூடிவிட்டால் ஆகஸ்டு 18-ஐ ஒட்டி இன்னொரு வாய்ப்பு வரும். அன்று சென்னையில் நேரம் 12.13. இரண்டு ஊர் எண்களையும் எனக்கு எழுதி அனுப்பு. நீ வைத்த புள்ளிகளையும் பார்க்க வேண்டும். தரையில் இருப்பதை அளவு மாறாமல் தாளில் எடுத்து அனுப்பு.