அதிர்ச்சி அலையைக் கணினியில் பிடிப்பது: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, குழாயின் நடுத் தடுப்பை எடுத்ததும் இருபுற வாயுவிலும் எழும் அலைகளைக் கணிக்கும் சோட் குழாய்க் கணக்கை, லாக்ஸ்-வெண்ட்ராஃப் என்ற எண்முறையில் போட்டேன். அதிர்ச்சி அலையை ஒட்டி அடர்த்தி மேலும் கீழுமாகத் துள்ளுகிறது. குழாயைப் பிரித்த கட்டங்களை நான்கு மடங்காக்கியும் அடங்கவில்லை. நிரலில் பிழையா?

பதில்: நிரலைத் திட்டாதீர்கள். புதிய அலைவுகளைக் கிளப்பாத நேரியல் முறை எதுவும் முதல் படித் துல்லியத்தை (கட்ட அகலம் பாதியானால் பிழையும் பாதியாவது) தாண்டாது என்று கோடுனோவ் 1959-இல் நிரூபித்துவிட்டார். உங்கள் முறை நேரியல், இரண்டாம் படி, துள்ளத்தான் செய்யும். கட்டங்களைக் கூட்டினால் துள்ளலின் அகலம் சுருங்கும், உயரம் அப்படியே நிற்கும். முறிவுக்கு, அதாவது மதிப்பு திடீரெனத் தாவும் இடத்துக்கு, அருகே மட்டும் சரிவைக் குறைக்கும் லிமிட்டரைச் சேருங்கள்.

கேள்வி: எந்த லிமிட்டர்?

பதில்: வான் லீர். மின்மோட் எல்லாவற்றையும் மழுக்கும். சூப்பர்பீ மென்மையான அலையைக்கூடச் சதுரமாக்கிவிடும்.

கேள்வி: அடர்த்தி, வேகம், அழுத்தம் ஆகியவற்றை நேரடியாகத் தீர்த்தால் நிரல் எளிது. நிறை, உந்தம், ஆற்றல் என்றே ஏன் அடம்பிடிக்கிறீர்கள்?

பதில்: தாளில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பர்கர்ஸ் சமன்பாடு, அதாவது u என்ற வேகம் தன்னைத்தானே சுமந்து செல்லும் எளிய மாதிரி; இடப்புறம் u = 1, வலப்புறம் 0. முறிவு 1/2 வேகத்தில் நகர வேண்டும். இதையே u பெருக்கல் சரிவு என்று எழுதி, இடப்பக்க வேறுபாடு எடுங்கள். 0 உள்ள கட்டத்தில் பெருக்குத்தொகை 0. 1 உள்ள கட்டத்தில் சரிவு 0. முறிவு நட்டுவைத்த கல்லாக அங்கேயே நிற்கும். துள்ளல் இல்லை, மழுங்கல் இல்லை, படம் அத்தனை அழகு. விடை முழுத் தவறு. கட்டங்களை எவ்வளவு நுணுக்கினாலும் திருந்தாது. கட்டச் சுவரைக் கடக்கும் பாய்வைக் கணக்கிட்டு, இங்கே கழித்ததை அங்கே கூட்டினால்தான் வேகம் சரியாக வரும். மழுங்கிய அலை சரியான இடத்தில் இருந்தால் நான் மன்னிப்பேன். சோட் கணக்கில், 0 முதல் 1 வரையான குழாயின் 0.5-இல் தடுப்பை வைத்தால், 0.2 நேரத்தில் அதிர்ச்சி அலை 0.85-இல் இருக்க வேண்டும். முதலில் அதைப் பாருங்கள்.

கேள்வி: மாக் 10 (ஒலியைவிடப் பத்து மடங்கு வேகம்), மழுங்கிய முனை, கட்டச் சுவரின் பாய்வுக்கு ரோ முறை. முனைக்கு நேர் முன்னால் அதிர்ச்சி அலை கொம்பு முளைத்ததுபோல் புடைக்கிறது.

பதில்: இந்தப் புடைப்புக்குப் பெயர் கார்பங்கிள். 1988-இல் பீரியும் இம்லேயும் பதிவுசெய்த பழைய வியாதி. நானும் ஒருமுறை அதை இயற்பியல் என்று நம்பி மூன்று வாரம் விளக்கம் எழுதினேன்! அடர்த்தி முறிவைக் கூர்மையாகப் பிடிக்கும் முறைகளுக்கே இது அதிகம் வரும். வலுவான அதிர்ச்சி அலைக்கு அருகே மட்டும் அடர்த்தி முறிவை மழுக்கும் ஹெச்எல்எல்ஈ பாய்வுக்கு மாறுங்கள். எல்லா இடத்திலும் மாற்றினால், பொருளின் பரப்பை ஒட்டிய மெல்லிய எல்லைப்படலம் தடித்து, வெப்பக் கணக்கு கெட்டுவிடும்.