அடிமரம் போல் படிகங்கள்: எட்டா சுரங்கம்

கேள்வி: அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் உள்ள எட்டா சுரங்கத்தில் 14 மீட்டர் நீளப் படிகம் இருந்ததாமே? அப்படி வளரக் கோடி ஆண்டுகள் ஆகியிருக்குமோ?

பதில்: இருந்தது உண்மை. பிளாக் ஹில்ஸ் மலையில், கீஸ்டோன் ஊரருகே உள்ள சுரங்கம் அது. படிகம், லித்தியம் தரும் ஸ்போடுமீன். பதிவான நீளம் 14.3 மீட்டர். பாறையின் வயது சுமார் 170 கோடி ஆண்டு. அதை வைத்து, வளர்ந்த காலமும் நீளம் என்று எண்ண வேண்டாம். கிரானைட் குழம்பு இறுகும்போது, முதலில் கட்டும் கனிமங்களில் இடம் கிடைக்காத நீர், லித்தியம், போரான், ஃபுளோரின் எல்லாம் மிச்சக் குழம்பில் சேர்கின்றன. குழம்பு இளகுகிறது, படிகக் கருக்கள் அரிதாகவே தோன்றுகின்றன. தோன்றிய சிலவற்றுக்கே எல்லாச் சரக்கும் போய்ச் சேர்வதால் அவை பெரிதாக வளர்கின்றன. ஓரத்தில் பொடி மணிகளும் நடுவில் ராட்சதப் படிகங்களும் இருப்பது இதனால்தான்.

கேள்வி: அது முதலில் வெள்ளீயச் சுரங்கமா?

பதில்: முதலில் மைக்கா, 1883இல். பிறகு வெள்ளீயத் தாதுவான காசிட்டரைட் தென்பட, பெரும் முதலீடு வந்து இறங்கியது. இப்படி மிச்சக் குழம்பு இறுகி உண்டான பெரும்படிகப் பாறையான பெக்மடைட்டில் வெள்ளீயம் திட்டுத்திட்டாகத்தான் கிடக்கும். செழித்த திட்டில் எடுத்த மாதிரியை வைத்து முழுப் பாறைக்கும் கணக்குப் போட்டால் கவிழ வேண்டியதுதான். கவிழ்ந்தார்கள். ஸ்போடுமீன் எடுப்பது 1898இல் தொடங்கி, 1960 வரை நடந்தது.

கேள்வி: இவ்வளவு வளம் இருந்தும் ஏன் மூடினார்கள்?

பதில்: வெடிவைத்து, சம்மட்டியால் உடைத்து, கையால் பொறுக்கினாலே போதும் என்ற வசதியே எட்டாவின் பலம். 1950களில் வட கரோலினாவின் கிங்ஸ் மவுண்டன் பகுதியில், தாதுவை அரைத்து நுரையில் மிதக்கவைத்துப் பிரிக்கும் முறை நிலைபெற்றது. கையால் பொறுக்க முடியாத சிறு படிகங்களும் அதில் தேறின. பெரிய படிகம் என்ற சலுகைக்கு மதிப்பு போயிற்று.

கேள்வி: கழிவுக் குவியலில் ஸ்போடுமீனையும், கிரானைட்டில் நிறைய இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் கனிமத்தையும் எப்படிப் பிரித்தறிவது?

பதில்: பிளவுக் கோணத்தை, அதாவது உடையும் தளங்களுக்கு இடையிலான கோணத்தை நம்பாதீர்கள், இரண்டிலும் ஏறத்தாழ 90 பாகைதான். எடை ஏமாற்றாது. 310 கிராம் துண்டை நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு நிறுங்கள். சுமார் 100 கிராம் குறைந்தால் ஸ்போடுமீன், 120 அளவில் குறைந்தால் ஃபெல்ட்ஸ்பார். நெடுக ஓடும் வரிப்பள்ளங்களும், சிராய் சிராயாக உடைவதும் கூடுதல் அடையாளம். நகத்தால் கீறுபடும் துண்டு மக்கிக் களிமண்ணானது; வடிவம் ஸ்போடுமீனாகவே இருந்தாலும் லித்தியம் கரைந்து போயிருக்கும். சுடரில் காட்டினால் கருஞ்சிவப்பு வரவேண்டும். கைவியர்வையில் உள்ள சோடியமே மஞ்சளாக எரிந்து அதை மறைத்துவிடும். ஆகவே சிராயை இடுக்கியால் பிடியுங்கள்.