பாட்டிலின் நிறம்

அன்புள்ள அண்ணா,

பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் பூச்சிமருந்துக் கம்பெனியில் சேல்ஸ் வேலை பார்க்கிறேன். கல்லூரிக் காலத்திலிருந்தே இடதுசாரி. மாதக் கடைசியில் டார்கெட்டுக்காகக் கடைகளில் சரக்கைத் தள்ளும்போது என்மேலேயே வெறுப்பு வருகிறது. மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸும் ஆலை நடத்தியவர்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். வேலையை விடலாமா? சங்கத்தில் சேரலாமா?

(நீண்ட கடிதத்திலிருந்து)
ஒரு வாசகர், மாரண்டஹள்ளி

அன்புள்ள தம்பி,

எங்கெல்ஸை விடுங்கள். 1869 வரை மான்செஸ்டரில் அவர் இருந்தது அப்பாவுக்குப் பங்கு இருந்த கம்பெனியில். நீங்கள் சம்பளத்துக்கு பைக் ஓட்டுகிறவர். வீட்டுக்கு அந்தச் சம்பளம் வேண்டுமென்றால் வேலையில் இருங்கள், அது துரோகம் இல்லை. சங்கத்தில் சேருங்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். தொழிலாளியின் உழைப்பில் முதலாளி எடுத்துக்கொள்ளும் உபரி மதிப்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மருந்தை அடிக்கிற ஒரு விவசாயியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

என் சித்தப்பா பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் தக்காளி போட்டவர். மருந்தெல்லாம் கடன்தான். கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொள்வார், காய் பறித்த அப்புறம் கணக்குத் தீர்க்க வேண்டும். கடன் நிற்கிற கடையில் போய் ‘இது வேண்டாம், அதைக் கொடு’ என்று எப்படிக் கேட்பது? எடுத்து வைத்த பாட்டிலை வாங்கி வருவார். விலை விழுந்த வருஷம் பறிகூலிக்கே கட்டாமல் பழத்தைச் செடியிலேயே விட்டார். நோட்டுக் கணக்கு அப்படியே நின்றது. அடுத்த பட்டத்துக்கும் அதே கடை.

அந்தப் பாட்டிலை எடுத்து வைக்கச் செய்தது யார்? எந்த மருந்துக்கு ஸ்கீம், அதாவது கடைக்காரருக்குக் கம்பெனி தரும் சலுகை, இருக்கிறதோ அதைத்தான் அவர் முன்னால் வைப்பார். ஸ்கீமைக் கொண்டுபோய்ச் சொல்வது நீங்கள். உங்கள் அரசியலுக்கு வேலை அங்கேதான்.

பாட்டில்மேல் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும், 1971 பூச்சிக்கொல்லி விதிகள் வைக்கச் சொன்னது. கீழ்ப்பாதி சிவப்பென்றால் மிகக் கொடிய நஞ்சு. அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. கடைசியாக அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது உள்ளே மடித்து வைத்த தாளில், பொடி எழுத்தில். சித்தப்பாவுக்கு அதை யாரும் படித்துச் சொன்னதில்லை. முகத்தில் துண்டுகூடக் கட்டாமல் அடித்தார். விற்க வந்த பையன்கள் வரப்பில் இறங்கியதே இல்லை. நீங்கள் இறங்குங்கள். நிறத்தைச் சொல்லுங்கள், நாள் கணக்கைச் சொல்லுங்கள், மருந்தே தேவையில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். டார்கெட் குறையும், மேனேஜர் திட்டுவார். அந்தத் திட்டை வாங்கத் தெம்பில்லை என்றால் கொள்கை பற்றி எனக்கு எழுதாதீர்கள்.

இந்தப் பட்டத்தில் ராயக்கோட்டைக் கடைகளில் எந்த மருந்துக்கு ஸ்கீம் ஓடுகிறது, அதன் நிறம் என்ன? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.